குற்றாலத்துச் சாரலும் கிப்பர் பனியும்



பொங்கல் கழிந்து சில நாளில் குற்றாலத்தில் பேரருவி மெலியத் தொடங்கிவிடும். சீசனில் தண்ணீருக்குப் பின்னால் மறைந்திருந்த பாறை முழுசாக வெளியே தெரியும். தென்காசியில் விடியற்காலை கொஞ்சம் குளிரும். தாத்தா மப்ளரை எடுத்துக் காதை மூடிக்கொள்வார். எட்டு மணி வெயில் ஏறியதும் மப்ளர் கொடிக்குப் போய்விடும். நம் ஊர்க் குளிர்காலம் அவ்வளவுதான்.

அதே ஜனவரியில், இதே இந்தியாவில், கிப்பர் என்றொரு மலையூரில் வாளித் தண்ணீரை இரவில் வெளியே வைத்தால் காலையில் அது கல்லாகிக் கிடக்கும். இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கிப்பர். நம் தமிழ்நாட்டின் உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். அதன் தலைமேல் இன்னொரு பெரிய மலையை ஏற்றி வைத்தால்தான் கிப்பர் வரும். நடுக்குளிர்காலத்து இரவுகளில் அங்கே வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போவது வழக்கம்.

அந்த ஊருக்கு இப்போது போய்வருவோம்.

கோடைகாலம் என்றால் மணாலி வழியாகக் குன்சம் கணவாயைத் தாண்டிப் போகலாம். 4,551 மீட்டர் உயரமுள்ள அந்தக் கணவாயைக் குளிர்காலத்தில் பனி மூடிவிடும். அதனால் சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகச் சுற்றிக்கொண்டு காசா என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். அங்கே இரண்டொரு நாள் சும்மா இருக்கச் சொல்வார்கள். அது சோம்பலுக்காக இல்லை. கிப்பர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் 60 சதவீதம் அளவுக்குத்தான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே கணக்கில் குறைந்துவிடும். உடம்பு அதற்குப் பழகாமல் ஓடி ஆடினால் தலைவலி, குமட்டல் எல்லாம் வரும். காசாவில் ஓய்வெடுத்துவிட்டு மலைப்பாதையில் ஏறினால் கிப்பர்.

பள்ளியில் யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும் கேள்வி இது: மலை உச்சி சூரியனுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே சூடாகத்தானே இருக்க வேண்டும்?

சூரியன் இருப்பது 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். அந்தத் தூரத்தில் நாலு கிலோமீட்டர் குறைந்தால் ஒன்றும் ஆகாது. வெயில் முதலில் தரையைச் சுட வைக்கிறது. தரைதான் தன்மேல் உள்ள காற்றைச் சுட வைக்கிறது. சூடான காற்று மேலே எழும்பும்போது, மேலே அழுத்தம் குறைவு என்பதால் விரிகிறது. விரியும் காற்று குளிர்ந்துபோகும். சைக்கிள் டியூபின் வால்வை அழுத்திக் காற்றை இறக்கும்போது விரலை அங்கே வைத்துப் பாருங்கள், வெளியே வரும் காற்று சில்லென்று இருக்கும். மலைமேல் நடப்பதும் இதுதான். சராசரியாக ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும்.

ஒரு கணக்குப் போடுங்கள். தென்காசியில் 30 டிகிரி. அங்கிருந்து கிப்பர் 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான உயரம். 27 டிகிரி கழித்தால் 3 டிகிரி மிஞ்சும். அப்படியும் மைனஸ் வரவில்லையே? மிச்சத்தை முடித்து வைப்பது கிப்பர் இருக்கும் திசை. தென்காசி பூமத்திய ரேகையிலிருந்து 9 டிகிரி வடக்கே இருக்கிறது, கிப்பர் 32 டிகிரி வடக்கே. டிசம்பர் கடைசியில் நமக்குப் பகல் பதினொன்றரை மணி நேரம், அவர்களுக்குப் பத்து மணி நேரம்தான். நடுப்பகலில்கூட அங்கே சூரியன் தெற்கு வானில் சாய்ந்தே நிற்கும். சாய்ந்து விழும் வெயில் பரந்து போவதால் அதில் சூடு குறைவு. போதாததற்கு, விழுகிற வெயிலில் பெரும்பகுதியை வெள்ளைப் பனி வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. அங்கே கறுப்புக் கண்ணாடி போடாமல் வெளியே நடந்தால் கண் எரிந்து நீர் கொட்டும். காரணம் இந்தத் திரும்பும் வெளிச்சம்.

இப்போது நம் சாரலுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சாரல் எப்படி வருகிறது என்று புரிந்த பிள்ளைக்கு இமயப் பனியும் பாதி புரிந்துவிடும்.

ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்பதால் மேலே ஏறுகிறது. ஏறினால் விரிவு, விரிந்தால் குளிர்ச்சி, குளிர்ந்தால் ஈரம் துளியாகும். பெரும்பங்கு மழையைக் கேரளப் பக்கமே வாங்கிக்கொள்ளும். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பக்கம், மலைச் சுவர் கொஞ்சம் தாழ்ந்து வழி விட்டிருக்கிறது. அந்தக் கணவாய் வழியே நுழையும் ஈரக்காற்றுதான் குற்றாலத்தையும் தென்காசியையும் நனைக்கிறது. அப்படியே கிழக்கே பாவூர்சத்திரம், சுரண்டை என்று போனால் ஈரம் தீர்ந்துவிடும், காற்று மட்டும் மிஞ்சும். அந்தக் காற்றில்தான் அங்கே காற்றாலைகள் சுழல்கின்றன.

ஸ்பிதிக்கு இப்படி ஒரு வாசல் கிடைக்கவில்லை. தெற்கே நிற்கும் உயரமான மலைத்தொடர்கள் பருவமழை மேகத்தை மடக்கிவிடுகின்றன. மணாலியில் மழை கொட்டும்போது குன்சத்துக்கு அந்தப் பக்கம் பழுப்பு மலைகள் காய்ந்து கிடக்கும். குளிர் பாலைவனம் என்று அந்தப் பகுதிக்குப் பெயர். அங்கே நீர் கொண்டுவருவது குளிர்காலம்தான். மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் எல்லாம் கடந்து இமயத்துக்கு வருகின்றன. வானிலை ஆய்வாளர்கள் இவற்றை மேற்கத்திய இடையூறு என்கிறார்கள். இங்கும் காற்று ஏறுகிறது, விரிகிறது, குளிர்கிறது. ஆனால் இங்கே மேகத்துக்குள்ளேயே வெப்பநிலை சுழியத்துக்கு வெகு கீழே இருப்பதால் ஈரம் பனித்துகளாகிவிடுகிறது.

அந்தத் துகளை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கறுப்புக் கம்பளிக் கையுறையை நீட்டி ஒரே ஒரு துகள் விழும்வரை காத்திருங்கள். மூச்சை அந்தப் பக்கம் விடாதீர்கள், கரைந்துவிடும். நடுவில் ஒரு சிறு தட்டு. அதிலிருந்து ஆறு கைகள். ஒவ்வொரு கையிலும் எதிரெதிரே கிளை பிரிந்திருக்கும். ஐந்து கை, எட்டு கை என்று தேடினாலும் கிடைக்காது. நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோண வளையங்களாகக் கைகோத்துக்கொள்கின்றன. அந்த அறுகோணம்தான் பெருத்து, கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்கிறது. கோள்களின் பாதையைக் கண்டுபிடித்த கெப்ளர் 1611-இல் இந்த ஆறு மூலையை வியந்து ஒரு சிறு நூலே எழுதினார். மூலக்கூறுகளைப் பற்றி அப்போது யாருக்கும் தெரியாததால் அவருக்கு விடை கிடைக்கவில்லை.

முன்னூறு ஆண்டு கழித்து ஜப்பானில் உக்கிசிரோ நகாயா என்ற விஞ்ஞானி, குளிரூட்டிய அறைக்குள் பனித்துகளைத் தானே வளர்க்க முயன்றார். எந்த இழையில் வளர்த்தாலும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கடைசியில் முயல் ரோமத்தின் நுனியில் 1936-இல் அழகான ஒற்றைப் பனித்துகள் வளர்ந்தது. சூடும் ஈரமும் மாறினால் துகளின் வடிவமும் மாறும் என்று அவர் காட்டினார். மைனஸ் 15 டிகிரியை ஒட்டி நட்சத்திரம், மைனஸ் 5 டிகிரியை ஒட்டி ஊசி. ஆக, கையுறையில் விழுந்த துகளைப் பார்த்தே மேலே மேகத்துக்குள் எவ்வளவு குளிர் என்று சொல்லிவிடலாம்.

ஊட்டியிலும் ஜனவரியில் புல் வெள்ளையாகிறதே என்று நீங்கள் கேட்கலாம். அது உறைபனி. அது வானத்திலிருந்து விழுவதில்லை. தெளிவான இரவில் தரை வேகமாகக் குளிர்ந்து, காற்றிலுள்ள நீராவி புல்லின் மேலேயே நேராகப் பனிக்கட்டியாகப் படிகிறது. இதை உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு எவர்சில்வர் டம்ளரில் நொறுக்கிய பனிக்கட்டி மூன்று பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு போட்டு நன்றாகக் கலக்குங்கள். உப்பு பனிக்கட்டியை உருகச் செய்யும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தை அது கலவையிலிருந்தே எடுப்பதால் கலவை சுழியத்துக்குக் கீழே இறங்கும். கொஞ்ச நேரத்தில் டம்ளரின் வெளிப்பக்கம் வெண்மையாகப் பனி படியும். சாரல் காலத்தில் செய்தால் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இன்னும் நன்றாக வரும். ஈரக்கையால் டம்ளரைப் பிடிக்காதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிப்பர் வீடுகள் மண்ணாலும் கல்லாலும் ஆனவை. சுவர் தடியாக இருக்கும். கூரை நம் மொட்டை மாடி போலத் தட்டை. கீழ்த்தளத்தில் மாடு, ஆடு, கழுதை, மேலே மனிதர்கள். கால்நடைகளின் உடல் சூடு மேல்தளத்துக்குப் பயன்படுகிறது. பெரிய சன்னல்கள் தெற்கே பார்த்திருக்கும், சாய்ந்த சூரியன் நேராக உள்ளே வரும். குளிர்காலம் முழுவதும் குடும்பம் ஒரே அறையில், புகைக்குழாய் வைத்த இரும்பு அடுப்பைச் சுற்றியே இருக்கும். சமையல், படிப்பு, தூக்கம், கதை எல்லாம் அங்கேதான். அடுப்புக்கு விறகும் வறட்டியும் கோடையிலேயே சேர்த்து வைத்தவை.

பனி விழுந்து ஓய்ந்ததும் ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் ஆட்கள் ஏறி பனியைத் தள்ளிக் கீழே போடுவார்கள். ஏன் இவ்வளவு அவசரம்? கூரை 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்று வைப்போம். 30 சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்தால் 30 கன மீட்டர். புதுப்பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான் என்றாலும் அதன் எடை சுமார் 3,000 கிலோ. மேலும் மேலும் விழுந்து இறுகினால் எடை கூடிக்கொண்டே போகும். உருகினால் மண்கூரை ஒழுகும்.

சமையலிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் அங்கே சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடேறாது. திறந்த பானையில் சோறு வடிக்கும் நம் ஆச்சி அங்கே போனால் அரிசி வேகாமல் தவித்துப் போவார். பிரஷர் குக்கர் அங்கே ஆடம்பரப் பொருள் அல்ல.

கிப்பரைச் சுற்றியிருப்பது வனவிலங்கு சரணாலயம். மேல்மலைப் புல்லைப் பனி மூடியதும் பாரல் என்ற நீல ஆடுகளும் ஐபெக்ஸ் என்ற காட்டாடுகளும் கீழே இறங்கும். அவற்றின் பின்னால் பனிச்சிறுத்தையும் வரும். அதன் பாதம் அகலமானது, அடியில் ரோமம் அடர்ந்தது, அதனால் பனியில் ஆழப் புதையாது. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீள வாலைத் தூங்கும்போது முகத்தின்மேல் சுற்றிக்கொள்ளும். 2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருக்கின்றன.

அந்தப் பள்ளத்தாக்கில் ஜனவரியில் நீரின் ஓசையே கேட்காது. ஓடைகள் உறைந்து நிற்கும். உறைந்த நீர் ஒன்பது சதவீதம் பருத்துவிடும், அந்த விசையில் இரும்புக் குழாய்கூட வெடிக்கும். குழாய் உறைந்தால் பனியை அள்ளி உருக்க வேண்டும். ஒரு பெரிய அண்டா நிறையப் புதுப்பனியை அடுப்பில் வைத்தால் அடியில் கொஞ்சம் தண்ணீர்தான் மிஞ்சும். அதற்கும் நிறைய விறகு வேண்டும். சுழிய டிகிரிப் பனிக்கட்டியைச் சுழிய டிகிரித் தண்ணீராக மாற்ற மட்டும் ஆகும் வெப்பத்தைக் கொண்டு, அதே தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம்!

இந்த ஒரு குணம் இல்லாவிட்டால் இமயத்தில் ஊரே இருந்திருக்காது. வெயில் வந்தவுடன் பனி முழுவதும் ஒரே நாளில் உருகி ஓடிவிட்டால் வெள்ளம் வரும், பிறகு வறட்சி வரும். பனி உருக அவ்வளவு வெப்பம் வேண்டியிருப்பதால் அது மெதுவாக, மாதக்கணக்கில் இறங்குகிறது. குளிர்காலத்தில் விழுந்த பனியை மலை கோடைவரை வைத்திருந்து கொடுக்கிறது. கிப்பர் மக்கள் அந்த உருகுநீரை மலைச்சரிவில் வெட்டிய வாய்க்கால்களில் கொண்டுவந்து பார்லியும் பச்சைப் பட்டாணியும் பயிரிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரே போகம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விதைப்புக்குத் தண்ணீர் வேண்டியது ஏப்ரல், மே மாதங்களில். உயரத்தில் உள்ள பனியாறுகள் நன்றாக உருகுவதோ ஜூனுக்குப் பிறகு. பக்கத்து லடாக்கில் இந்தச் சிக்கலை யோசித்தவர் செவாங் நோர்பெல் என்ற பொறியாளர். குழாய் உறையாமல் இருக்க அங்கே குளிர்காலத்தில் அதைத் திறந்தே விடுவார்கள். அப்படி வழிந்த நீர் பாப்ளர் மர நிழலில் தேங்கி உறைந்திருப்பதை அவர் கவனித்தார். வீணாகும் குளிர்கால ஓடை நீரை நிழலான சரிவுக்குத் திருப்பி, சிறு கல்வரப்புகளால் வேகத்தைக் குறைத்து, அடுக்கடுக்காக உறைய வைத்தால்? 1987-இல் புக்சே என்ற ஊரில் முதல் செயற்கைப் பனியாற்றை உருவாக்கினார். 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நிழலான இடம் எல்லா ஊருக்கும் அமையாது. அதே லடாக்கின் சோனம் வாங்சுக் 2013-14 குளிர்காலத்தில் வேறொரு வழியை முயன்றார். மேட்டிலுள்ள ஓடையிலிருந்து பூமிக்கடியில் குழாய் போட்டு ஊருக்குக் கொண்டுவந்து, முனையை நிமிர்த்தி வைத்தார். தண்ணீர் தான் கிளம்பிய மட்டத்துக்கு ஏற முயலும், அதனால் மோட்டார் இல்லாமலே நீரூற்றாகப் பீறிடும். இரவுக் குளிரில் அந்தத் துளிகள் விழும்போதே உறைந்து கூம்பாக வளரும். ஏன் கூம்பு? தரையில் பரப்பி வைத்த பனியைவிடக் குவித்து வைத்த பனியில் வெயில் படும் பரப்பு குறைவு, ஆகவே மெதுவாக உருகும். பனி ஸ்தூபி என்று அதற்குப் பெயர். 2015-இல் பியாங் என்ற இடத்தில் எழுப்பிய ஸ்தூபி சுமார் 20 மீட்டர் உயரம், அதாவது நம் பேரருவியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதன் நீர் மரக்கன்றுகளுக்குப் போனது.

இப்படியெல்லாம் பாடுபட வேண்டிய நிலை அங்கே இன்று கூடியிருக்கிறது. இமய நாடுகளின் பனியை ஆராயும் காத்மாண்டு மையமான இசிமோட் 2023-இல் ஓர் அறிக்கை தந்தது. 2011 முதல் 2020 வரையான பத்தாண்டில் பனியாறுகள் அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் வேகமாகக் கரைந்திருக்கின்றன. பூமி சூடாவதே காரணம். நிலக்கரியும் பெட்ரோலும் எரிப்பதில் கிப்பர் மக்களின் பங்கு மிகமிகச் சிறியது. அதன் பாதிப்பு மட்டும் அவர்கள் வயலுக்கு முதலில் வந்துசேர்கிறது. இதை நினைக்கும்போது எனக்கு மனசு ஆறவில்லை.

நம் மலையில் பனி இல்லை. குற்றாலத்தில் விழும் நீரை வைத்திருந்து கொடுப்பது முதலில் மலைமேல் உள்ள காடு. மரத்தின் வேரும் உதிர்ந்த இலையும் மண்ணும் மழையை உறிஞ்சி மெதுவாகக் கசிய விடுவதால்தான் மழை நின்ற பிறகும் அருவி விழுகிறது. அடுத்து நம் குளங்கள். பேரருவி நீர் சிற்றாறாக ஓடி சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்வதற்கு முன்னால், வழிநெடுகிலும் தடுப்பணைகள் அதை மறித்துக் கால்வாய்களில் திருப்புகின்றன. இலஞ்சியிலும் சுந்தரபாண்டியபுரத்திலும் நீங்கள் பார்க்கும் குளங்கள் சாரல் காலத்து நீரையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் பின்னால் வரும் நாட்களுக்காகப் பிடித்து வைக்கின்றன. கிப்பர்காரர்களுக்கு மலைமேல் பனி செய்யும் வேலையை நமக்குக் குளம் செய்கிறது. குளத்தில் குப்பை கொட்டுவதும் கால்வாயை மண்போட்டு அடைப்பதும், கிப்பர் பனியை யாரோ திருடிப் போவதற்குச் சமம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இந்த மாதம் உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்க் குளத்துக்கு நீர் எந்த ஆற்றிலிருந்து, எந்தத் தடுப்பணையில் திரும்பி, எந்தக் கால்வாய் வழியாக வருகிறது? வயல் வேலை தெரிந்த தாத்தாவிடமோ மாமாவிடமோ கேளுங்கள். பெரியவர் துணையோடு அந்தக் கால்வாய்க்கரையில் நடந்து, எங்கெல்லாம் அடைத்திருக்கிறது என்று ஒரு தாளில் வரைபடமாக வரைந்து உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.